வலது பக்க மோட்டார்

ஜனவரி 9

அத்தான் அவர்களுக்கு,

அக்கா சுகமாக இருக்கிறாளா? அந்தக் கேள்வியில் உங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தனியாகக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நான் எடை மேடையில் லாரிகளை ஏற்றி இறக்கிச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஓட்டுநர்கள் என்னைத் திட்டுகிறார்கள், நான் அவர்களைத் திட்டுகிறேன், அதனால் உடம்புக்கு ஒரு குறையுமில்லை.

பதினோரு வருடம் பேசாதவன் இப்போது எதற்காக எழுதுகிறான் என்று புருவத்தைத் தூக்குவீர்கள். போனில் என்றால் முதல் நிமிடத்திலேயே நம்மில் ஒருவர் வைத்துவிடுவோம். கடிதத்தைக் கோபத்தில் கீழே போட்டாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

விஷயம் இதுதான். ரிமோட்டில் ஓடும் படகு ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். நாம் இருவரும் வேலை பார்த்தோமே, அந்தப் பயணிகள் படகேதான், ஓரடிக்கு ஓரங்குலம் என்ற கணக்கில். அறுபதடி ஐந்தடியாகிச் சாப்பாட்டு மேஜைமேல் கிடக்கிறது. நானும் வீட்டுக்காரியும் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறோம். உடல் முடிந்தது, மோட்டார்தான் பாக்கி. ஒரே பெரிய மோட்டார் போதும் என்கிறான் கடைக்காரன். நம் படகில் இன்ஜின் இரண்டு. மேலே சக்கரம் பிடித்து நின்ற எனக்குக் கீழே நடந்ததெல்லாம் தெரியாது. கீழே இருந்தவர் நீங்கள். ஒன்றா, இரண்டா? இந்த ஊரில் இதைக் கேட்க வேறு ஆள் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் உங்களைக் கேட்டிருக்க மாட்டேன்.

மைத்துனன்


ஜனவரி 27

மாப்பிள்ளைக்கு,

நீ கேட்காவிட்டாலும் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கண்ணில் புரை விழுந்ததால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் தெரிகிறது. நான் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள். கையெழுத்து அவளுடையது, அறிவு என்னுடையது.

அறுபதடிப் படகைத் துறையில் கொண்டுபோய் மோதி, கயிறு பிடிக்க நின்ற மனிதனின் இடது கையை எடுத்தவன் இப்போது ஐந்தடிப் படகு கட்டுகிறானாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ அவளையும் மிஞ்சிவிட்டாய், கூடத்தையே புதிதாகக் கட்டி ஆடிப் பார்க்கப் போகிறாய். விசாரணையில் உன் வேலையையும் சுக்கான் பிடிக்கும் உரிமத்தையும் பிடுங்கினார்களே, அப்போதே ஒரு பொம்மையைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

கேட்டதற்குப் பதில். ஒன்றே போதும். நடுவில் வை. புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் நேராகப் போய்ச் சுக்கானில் அடிக்கும், படகு சொன்ன பேச்சைக் கேட்கும். இரண்டு வைத்தால் இரண்டு ஷாஃப்ட், இரண்டு ஓட்டை, இரண்டு இடத்தில் கசிவு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரும் இரண்டு வாங்க வேண்டும். ஒரு சக்கரத்தையே ஒழுங்காகத் திருப்பத் தெரியாத உனக்கு இரண்டு மோட்டார் எதற்கு?

அத்தான்

தம்பி, இது நான். ஆபரேஷனுக்குப் பயந்துகொண்டு டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். இவரைவிடத் தெரிந்த டாக்டர் இன்னும் பிறக்கவில்லையாம். நீ நின்றுகொண்டு சாப்பிடாதே.
அக்கா


பிப்ரவரி 15

அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கண்ணுக்கு என் அனுதாபம். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்பது கடிதத்திலேயே தெரிந்தது.

இது பொம்மை ஆசை இல்லை. கையை இழந்த கயிற்றுக்காரர் இப்போது சந்தைக்குப் பின்னால் உள்ள சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். பதினோரு வருடத்தில் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. “உன் கை வழுக்கிருச்சு, விடு” என்பார். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரும் வழியில் எந்த வண்டியாவது என்மேல் ஏறினால் தேவலை என்று இருக்கும். போன வருடக் கடைசியில் அவரே ஒன்று கேட்டார். மோதும்போது அவர் குனிந்து கயிறு சுற்றும் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார், படகைப் பார்க்கவில்லை. “என் கை எப்படிப் போச்சுன்னு ஒரு தடவ கண்ணால பாக்கணும்” என்றார். அதற்காகத்தான் கட்டுகிறேன்.

எனக்கும் பார்க்க வேண்டும். துறைக்கு நேராக வந்தேன். கடைசியில் இடப்பக்கம் திரும்பி மேடையோடு ஒட்டி நிறுத்த வேண்டும், தினம் பன்னிரண்டு தடவை செய்வதுதான். அன்று சக்கரத்தை இடப்பக்கம் முழுவதும் சுற்றினேன் என்று என் கை சொல்கிறது. படகு திரும்பவில்லை. சுற்றியதாக நினைத்துக்கொண்டேனா, உண்மையிலேயே சுற்றினேனா என்று இன்றைக்கு எனக்கே தெரியவில்லை. அது தெரியாமல் சாக எனக்கு விருப்பமில்லை.

ஆகவே அசலில் இருந்தபடி இரண்டு மோட்டார்தான் வைக்கப்போகிறேன். புரொப்பெல்லர்கள் எந்தப் பக்கம் சுழன்றன, சுக்கான் ஒன்றா இரண்டா என்பதை மட்டும் சொல்லுங்கள். இன்னொன்று. கடைசி மாதங்களில் படகு வலப்பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது. கேட்டபோது சுக்கான் கம்பி தளர்ந்திருக்கிறது என்றீர்கள். அந்தக் கம்பியை எப்போதாவது இறுக்கினீர்களா?

மைத்துனன்


மார்ச் 18

மாப்பிள்ளைக்கு,

உடம்பு பரவாயில்லை. பதில் தாமதமானதற்குக் காரணம் ஒன்றுமில்லை, எழுதத் தோன்றவில்லை.

ஒரு மோட்டார் போதும் என்று சொன்னேன். கேட்கவில்லை. கேட்பவனாக இருந்தால் எடை மேடையில் லாரிக்காரனிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருப்பாயா? இரண்டுதான் வேண்டுமென்றால் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் சுழலவிடு, மேல்பக்கம் வெளிப்புறமாக. ஒரே பக்கம் சுழன்றால் படகு கோணிக்கொண்டு போகும். நம் படகில் சுக்கான் ஒன்றுதான், நட்ட நடுவில். பேட்டரியைப் பின்னால் தள்ளாதே, மூக்கு தூக்கும். ஷாஃப்ட் போகும் குழாயில் கிரீஸ் அடை. இதெல்லாம் உனக்குப் புரியாது, கடைக்காரனிடம் படித்துக் காட்டு.

கயிற்றுக்காரனுக்குப் போனதைத் திருப்பிக் காட்டி என்ன ஆகப்போகிறது? போன கை முளைக்குமா? நீ செய்தது ஊருக்கே தெரியும். அதைக் குளத்தில் வேறு ஓட்டிக் காட்ட வேண்டுமா?

அத்தான்

தம்பி, கம்பியைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதற்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். “அவனுக்கு வேற வேலையில்ல, உனக்குமா?” என்று எழுந்து போய்விட்டார்.
அக்கா


ஏப்ரல் 20

அத்தான் அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்துக்குப் பிறகு இன்னும் நலமாக இருப்பீர்கள்.

படகு முடிந்துவிட்டது, இருபத்திரண்டு கிலோ. நீங்கள் சொன்னபடியே மோட்டார் இரண்டு, நடுவில் ஒரு சுக்கான். பூங்காக் குளத்தில் ஒரு பக்கம் சுவர் நேராக இருக்கிறது, அதைத் துறை என்று வைத்துக்கொண்டோம். கயிற்றுக்காரர் சுவர்மேல் உட்கார்ந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பது தடவை ஓட்டினேன். நேராக வந்து, நடக்கிற வேகத்துக்குக் குறைத்து, சுக்கானை இடப்பக்கம் முழுவதும் திருப்பினேன். முப்பது தடவையும் திரும்பியது. ஒரு தடவைகூட மோதவில்லை.

ஆகச் சுக்கானைத் திருப்பினால் படகு திரும்புகிறது. அன்று திரும்பவில்லை என்றால் நான் திருப்பவில்லை. நீங்கள் விசாரணையில் சொன்னதுதான் சரி. இதை உங்களிடம் எழுதிக் கொடுப்பது விளக்கெண்ணெய் குடிப்பதுபோல் இருக்கிறது. ஆனாலும் உண்மை உங்கள் பக்கம் இருந்தால் அதை மறைக்க நான் ஆளில்லை.

கயிற்றுக்காரர் என்னோடு சேர்ந்து படகைத் தூக்கி வண்டியில் வைத்தார். “உன் கை வழுக்கிருச்சு, விடு” என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மைத்துனன்


ஏப்ரல் 24

மாப்பிள்ளைக்கு,

பரம சுகம். உன் கடிதம் வந்த அன்றே பதில் சொல்லி எழுதவைக்கிறேன்.

பதினோரு வருடம் கழித்தாவது உன் மண்டையில் ஏறியதே. நான் விசாரணையில் என்ன சொன்னேன்? இரண்டு இன்ஜினும் நன்றாக ஓடின, மேலே இருந்தவன் தூங்கினானோ வேடிக்கை பார்த்தானோ எனக்குத் தெரியாது என்றேன். உன் அக்கா ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அவளே உன் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினாள். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

சக்கரம் பிடிப்பதெல்லாம் ஒரு வேலையா? உயரத்தில் நின்று காற்று வாங்குவது. படகை ஓட்டுவது கீழே கரியிலும் எண்ணெயிலும் நிற்பவன். நீங்கள் எல்லாம் உப்புக்குச் சப்பாணி. ஒப்புக்கொண்டதற்கு ஒரு சபாஷ். படகை யாராவது பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடு.

அத்தான்

தம்பி, மனசை விட்டுவிடாதே. வேறென்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.
அக்கா


ஜூன் 12

அத்தான் அவர்களுக்கு,

உங்கள் சபாஷ் கிடைத்தது. வைக்க இடமில்லாமல் மேஜைக்கடியில் போட்டிருக்கிறேன். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதுவதே இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

படகைக் கொடுத்துவிடத்தான் நினைத்தேன். கயிற்றுக்காரர் விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் சுவர்மேல் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவருக்கும் வேறு போக்கிடம் இல்லை போலிருக்கிறது. போன வாரம் வலது பக்க மோட்டாரின் கன்ட்ரோலர் புகைந்து போய்விட்டது. புதிதாக வரவழைக்க ஒரு மாதமாகும் என்கிறான் கடைக்காரன். சரி என்று வலது மோட்டாரின் கம்பியைக் கழற்றிவிட்டு இடது மோட்டாரை மட்டும் வைத்துக் குளத்தின் நடுவில் ஓட்டினேன். நன்றாகப் போகிறது. கொஞ்சம் வலப்பக்கம் இழுக்கிறது, சுக்கானை லேசாக இடப்பக்கம் பிடித்தால் நேராகிவிடுகிறது.

முதலிலேயே ஒன்று போதும் என்று சொன்னீர்கள், அதுவும் சரியாகிவிட்டது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. ஒன்று நின்றாலும் படகு போகிறது, இரண்டு ஓடினாலும் போகிறது. அப்படியானால் கீழே நிற்பவனுக்கு அங்கே வேலைதான் என்ன? மேலே இருந்து நான் மணி அடித்தால் ஒரு கம்பியை இழுப்பது, மறுபடி அடித்தால் தள்ளுவது. கரியும் எண்ணெயும் பூசிக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டுமே என்று வைத்திருந்தார்கள் போலும்.

மைத்துனன்


ஜூன் 18

மாப்பிள்ளைக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருந்தது, உன் கடிதம் வரும்வரை. ரத்தம் கொதிக்கிறது.

ஒரு மோட்டாரில் நடுக்குளத்தில் நேராக ஓட்டிவிட்டு இன்ஜின் ரூமைப் பற்றிப் பேச வந்துவிட்டாய். நேராகப் போவதற்கு எருமை மாடு போதும். வேகத்தைக் குறைத்துச் சுவர்ப்பக்கம் வா, பிறகு பேசு. வலது செத்து இடது மட்டும் தள்ளினால் மூக்கு வலப்பக்கம்தான் போகும். வேகம் இருக்கும்வரை சுக்கான் சமாளிக்கும். நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டால் நடுவில் இருக்கும் சுக்கானில் தண்ணீரே அடிக்காது. நீ சக்கரத்தை இடப்பக்கம் உடைகிறவரை சுற்றினாலும் அது திரும்பாது, நேரே சுவரில்தான் போய் முட்டும். அதைத் திருப்பக் கீழே ஆள் வேண்டும். துறைக்கு இருபதடி இருக்கும்போது, மணிக்குக் காத்திராமல், இடது இன்ஜினை ஒரு மூச்சு ரிவர்ஸில் போட வேண்டும். அப்போது மூக்கு இடப்பக்கம் வரும். ஒரு விநாடி முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது.

எட்டு மாதம் நான் அப்படித்தான் உன் படகைத் துறையில் சேர்த்தேன். வலது பக்கக் கியர் பெட்டி உள்ளே பொடியாகிவிட்டது. இன்ஜின் ஓடும், சத்தம் வரும், புரொப்பெல்லர் சுற்றாது. சொன்னால் படகை நிறுத்திவிடுவார்கள். நான் சொல்லவில்லை, யாருக்கும் தெரியவிடவில்லை. ஒரு இன்ஜினில், ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்தபடி, தினம் பன்னிரண்டு தடவை. மேலே நின்றவன் என்ன அழகாகத் திருப்பினோம் என்று தன் கையையே மெச்சிக்கொண்டிருந்தான். இப்போது சொல், உப்புக்குச் சப்பாணி யார்?

அத்தான்

தம்பி, அவர் சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் எழுதியிருக்கிறேன்.
அக்கா


ஜூலை 30

அத்தான் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

உங்கள் கடிதத்தைப் பதினைந்து நாள் யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தேன். எடை மேடையில் ஒரு லாரிக்கு இரண்டு தடவை சீட்டுக் கிழித்தேன். பிறகு அதை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். புதுக் கன்ட்ரோலர் வந்துவிட்டது, மாட்டவில்லை. வலது மோட்டார் செத்தபடியே இருக்க, நடக்கிற வேகத்தில் சுவருக்கு வந்து, சுக்கானை இடப்பக்கம் முழுவதும் திருப்பினேன். பத்துத் தடவை. ஒன்பது தடவை முட்டியது. ஐந்தடிப் படகு முட்டும் சத்தம் பெரிய சத்தமில்லை. கயிற்றுக்காரர் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பாராவை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கேட்டு முடித்ததும், “அப்ப உன் கை இல்ல” என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பூங்காவில் நடக்க வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

நீங்கள் சொன்ன ரிவர்ஸ் வித்தையையும் செய்து பார்த்தேன். ஒரு தடவைகூட வரவில்லை. ஒருவேளை அதுவும் புளுகுதானோ என்னவோ. விசாரணையில் அத்தனை பேர் முன்னால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் குளக்கரைக் கதை சொல்ல மாட்டாரா?

கடிதம் கயிற்றுக்காரரிடம் இருக்கிறது.

மைத்துனன்


ஆகஸ்ட் 6

மாப்பிள்ளைக்கு,

நானே எழுதுகிறேன். வரி கோணும், எழுத்துப் பெரிதாக இருக்கும். உன் அக்கா எழுத மாட்டேன் என்றுவிட்டாள்.

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. கோபத்தில் வாய் போன போக்கில் சொன்னது. மறுநாள் காலையிலேயே கியர் பெட்டி பற்றிய பாராவை அடித்துவிடச் சொன்னேன். அடித்துவிட்டேன் என்றாள். பேனா கீறும் சத்தத்தைக் கேட்டேன்.

எல்லாம் முடிந்துபோன விஷயம். உன் உரிமம் திரும்பி வந்தாலும் இந்த வயதில் உனக்கு யார் படகு தரப்போகிறார்கள்? நாலு பேர் முன்னால் என்னை நிற்கவைத்து உனக்கு என்ன கிடைக்கும்? கயிற்றுக்காரனிடமிருந்து வாங்கிக் கிழித்துப் போடு. கேட்டுக்கொள்கிறேன். நான் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

ரிவர்ஸ் வரவில்லை என்றால் நீ போட்டது தாமதம். அசலில் இருபதடி என்றால் உன் படகுக்கு இருபது அங்குலம். நீ ஓரடியில் போட்டிருப்பாய். போட்ட பிறகு சுக்கானை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், அதையும் செய்திருக்க மாட்டாய். புளுகு என்று எழுத உனக்கு எவ்வளவு திமிர்?

அத்தான்


ஆகஸ்ட் 15

தம்பிக்கு,

என் முழங்கால் அப்படியே இருக்கிறது. நீ அழுததாக எழுதியிருந்ததைப் படித்தபோது சமையலறையில் நான் தனியாக இருந்தேன். நல்லதாகப் போயிற்று.

பதினோரு வருடம் எனக்கும் தெரியாது. நம்பு, நம்பாமல் போ. எட்டு மாதம் என்று அவர் சொன்னபோது என் பேனா நின்றுவிட்டது. “ஏன் நிறுத்திட்ட?” என்றார். மை வரவில்லை என்றேன். உதறிவிட்டு எழுதினேன். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பதைப் படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் எதிரில் உட்காரவைத்துப் பார்த்தேன்.

மறுநாள் அடிக்கச் சொன்னார். கடிதத்தை முந்தின மாலையே தபாலில் போட்டுவிட்டிருந்தேன். சத்தம் கேட்க வேண்டுமே என்று செய்தித்தாளில் நாலு கோடு கிழித்தேன். அவரை ஏமாற்றியது எனக்கு வருத்தமில்லை. என் தம்பியைக் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு இந்த மனிதருக்கு இத்தனை வருடம் வடித்துக் கொட்டினேனே, அந்த வருத்தம் எந்த ஆற்றில் போட்டாலும் முழுகாது.

இப்போது அவருக்குக் கடிதத்தைப் பற்றிய பயம்கூடப் போய்விட்டது, நீ புளுகு என்று எழுதினாயே, அதுதான் குடைகிறது. கூடத்தில் நடந்துகொண்டே “அவனுக்குக் கை வராது, நான் போய்க் காட்டுறேன்” என்கிறார். போய்க் காட்டுங்கள் என்று நானே பஸ் ஏற்றிவிடப்போகிறேன். செப்டம்பர் முதல் ஞாயிறு வருவார். நான் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வர எனக்கு முடியாது.

அக்கா


செப்டம்பர் 8

அக்காவுக்கு,

முழங்காலைப் பார்த்துக்கொள். அத்தான் நேற்று மாலை பஸ் ஏறிவிட்டார், இந்தக் கடிதத்துக்கு முன்னால் வந்து சேர்ந்திருப்பார். நடந்ததை அவர் உன்னிடம் சொல்வாரா என்று தெரியாது. அதனால் நான் சொல்கிறேன்.

இஸ்திரி போட்ட சட்டையில் வந்து இறங்கினார். என் வீட்டுக்காரி கொடுத்த காபியை வாங்கி வைத்துவிட்டு நேராகப் படகிடம் போனார். பற்றவைத்ததெல்லாம் மூக்குச்சளி மாதிரி இருக்கிறது என்றார். ஷாஃப்டில் கிரீஸ் போதாது, மேல்தளத்தின் பெயிண்ட் நிறம் தப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கண் தெரியாதவருக்கு என் தப்பெல்லாம் தெரிந்தது.

குளத்தில் கயிற்றுக்காரர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அத்தான் அவர் பக்கம் திரும்பாமல் சுவருக்கு ஒரு வணக்கம் வைத்தார். இதற்குள் நான் புதுக் கன்ட்ரோலரை மாட்டியிருந்தேன், வலது மோட்டாரின் கம்பியைத் தன் கையாலேயே கழற்றினார். ரிமோட்டை வாங்கி இரண்டு தடவை சும்மா ஓட்டிப் பழகிக்கொண்டார்.

அக்கா, வித்தை புளுகில்லை. நடக்கிற வேகத்தில் வந்தது. சுவருக்கு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது, முட்டிவிடும் என்று நான் நினைக்கும்போது ஒரு சின்ன ரிவர்ஸ். மூக்கு அப்படியே இடப்பக்கம் வந்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோலப் படகு சுவரோடு ஒட்டி நின்றது. பத்துத் தடவை செய்தார், பத்தும் வந்தது. எனக்கு வயிறெரிந்தது. நான் எட்டு மாதம் என் கை என்று நம்பியது இதைத்தான்.

பத்தாவது தடவை முடிந்ததும் திரும்பினார். முகமெல்லாம் பல். “பாத்தியா? ஒத்த மோட்டாரு. எட்டு மாசம், ஒரு நாள் தப்புனதில்ல” என்றார்.

கயிற்றுக்காரர் சுவரிலிருந்து இறங்கி வந்தார். கோபமாகக் கேட்கவில்லை. ஸ்டாண்டில் டோக்கன் நம்பர் கேட்பாரே, அந்தக் குரலில்தான் கேட்டார்.

“இவ்வளவு சுளுவா வருதே. அன்னிக்கி ஏன் போடல?”

அத்தான் ரிமோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டல் கழித்தல் போடுவதுபோல உதடு அசைந்தது. ஏதாவது பொய் சொல்லுவார் என்றுதான் காத்திருந்தேன். இத்தனை நாள் சொன்னவருக்கு இன்னொன்று சொல்ல எவ்வளவு நேரம்?

“கடைசி ட்ரிப்பு” என்றார். “வீட்டுக்குப் போகணும்னு தல சீவிக்கிட்டு இருந்தேன்.”

கயிற்றுக்காரர் அவர் தலையைப் பார்த்தார். அங்கே சீவ இப்போது ஒன்றுமில்லை. அடிப்பார் என்று நினைத்தேன், சிரிப்பார் என்றும் நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. சட்டைப் பையிலிருந்து உன் கையெழுத்துக் கடிதத்தை எடுத்து, மடிப்பைச் சரிசெய்து, திரும்பப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டார். ஒற்றைக் கையால் பித்தான் போட நேரமாகும். நாங்கள் இருவரும் முடிகிறவரை நின்று பார்த்தோம். திங்கட்கிழமை விசாரணை நடந்த படகு ஆபீசுக்குப் போவதாகவும், துணைக்கு யாரும் வர வேண்டாம் என்றும் சொன்னார்.

பிறகு படகை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. ஈரத்தில் வழுக்கும், பாரமும் அதிகம். அத்தான் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். அதற்குள் கயிற்றுக்காரர் முன்பக்கத்தைப் பிடித்துவிட்டார், நான் பின்பக்கத்தைப் பிடித்தேன். படகைத் தூக்க மூன்று கை போதுமாக இருந்தது.

தம்பி